டீச்சர், இது ராணியா?

சித்திரைக் கடைசியில் இரண்டு நாள் நல்ல மழை. மூன்றாம் நாள் காலையிலிருந்து என் செல்போன் ஓயவில்லை. படங்கள் போதாதென்று தபாலில் மூன்று தீப்பெட்டிகள் வேறு. அதில் ஒன்றைத் திறந்தால் உள்ளே யாரும் இல்லை. மூலையில் மிளகு அளவுக்கு ஓட்டை போட்டுக்கொண்டு, தென்காசிக்கு வரும் வழியில் எங்கேயோ இறங்கிப் போய்விட்டது. அனுப்பியவர் எட்டாம் வகுப்பு மாணவி. தபால் பையில் யார் கையையாவது கடித்திருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை, கண்ணு.

வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: "டீச்சர், இது ராணியா?" அதனால் பல்லி, பூரான், தேனீ எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். இந்த முறை முழுக்க ராணிகளும், ராணி என்று நினைத்து நீங்கள் பிடித்த மற்றவர்களும்.

மழை விட்ட மறுநாள் மொட்டை மாடியில் ஒரு பெரிய கருப்பு எறும்பு தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இறக்கை இல்லை. வழக்கமான கட்டெறும்பைவிடப் பெரிது. ராணியா, இல்லை நன்றாகத் தின்று வளர்ந்த கட்டெறும்பா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை

ராணிதான் ஐயா. கட்டெறும்பு ராணி. நீங்கள் அனுப்பிய ஐந்து படங்களில் நான்கு வெறும் கருப்புப் புள்ளி. மூன்றாவது படம் மட்டும் பக்கவாட்டில் தெளிவாக விழுந்திருக்கிறது. அது போதும்.

எப்படிச் சொல்கிறேன் என்றால், முதலில் நான் அசடு வழிந்த கதையைச் சொல்ல வேண்டும். 1994. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் வேலை. ஒரு நாள் கிணற்றடியில் தலை பெருத்த ஒரு எறும்பைப் பிடித்தேன். அவ்வளவு பெரிய தலையை அதுவரை பார்த்ததில்லை. இதுதான் ராணி என்று முடிவு கட்டி, மை பாட்டிலைக் கழுவி, ஈரப் பஞ்சு வைத்து, எட்டாம் வகுப்பு மேஜையில் வைத்துவிட்டேன். "முட்டை போட்டுட்டுதா டீச்சர்?" என்று பிள்ளைகள் தினமும் கேட்பார்கள். போடவே இல்லை. ஐந்து வாரத்தில் செத்துப்போனது. லேப் அட்டெண்டர் அண்ணன் அதை எடுத்து லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்துவிட்டு ஒரே வரியில் சொன்னார்: "டீச்சர், இதுக்கு முதுகே இல்லையே."

எறும்பு ராணியை அடையாளம் காண இதைவிடச் சுருக்கமான பாடம் நான் இதுவரை படிக்கவில்லை.

ராணி ஒரு காலத்தில் பறந்தவள். பறக்கத் தசை வேண்டும், தசைக்கு இடம் வேண்டும். அதனால் தலைக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் பகுதி, நெஞ்சு என்று வைத்துக்கொள்வோம், அவளுக்கு மூட்டை தூக்குகிறவர் தோள் மாதிரி புடைத்திருக்கும். மேலிருந்து பார்த்தால் அங்கே வட்டமான ஒரு கேடயம், அதன் பின்னால் சின்னதாக இன்னொரு தகடு, ஓடு வேய்ந்ததுபோல அடுக்காகத் தெரியும். வேலைக்காரி எறும்பு ஒரு நாளும் பறந்ததில்லை. அவளுக்கு அந்த இடம் ஒல்லியாக, ஒரே வளைவாக ஓடும். நான் பிடித்தது வேலைக்காரிகளில் பெரிய தலைச்சி. கட்டெறும்புக் கூட்டில் ஒரே தாய்க்குப் பிறந்த வேலைக்காரிகளே சின்னது, நடுத்தரம், பெரியது என்று பல அளவில் இருப்பார்கள். பெரியவளுக்குத் தலை நெஞ்சைவிட அகலம். கழுத்துக்குப் பின்னால் பார்த்தால் பாவமாக இருக்கும். ராணிக்குத் தலையும் நெஞ்சும் ஏறக்குறைய ஒரே அகலம்.

அடுத்தது தழும்பு. இணை சேர்ந்து தரை இறங்கியதும் ராணி தன் இறக்கைகளைத் தானே காலால் நெம்பி ஒடித்துப் போட்டுவிடுவாள். ஒடிவதற்கென்றே அடியில் ஒரு கோடு உண்டு, தபால்தலைத் தாளில் கிழிக்க வசதியாக ஓட்டை போட்டிருப்பார்களே, அதுபோல. ஒடிந்த இடத்தில் பக்கத்துக்கு இரண்டாகக் குட்டிக் குட்டி மொட்டைகள் நிற்கும். உங்கள் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், நடுக்காலுக்கு நேர் மேலே தெரிகிறது. பூதக்கண்ணாடி இருந்தால் உச்சந்தலையில் முக்கோணமாக மூன்று புள்ளிகளும் தெரியும். அவை தனிக்கண்கள். கட்டெறும்பு வேலைக்காரிக்கு அது கிடையாது.

எந்த எறும்பின் ராணி என்பதற்கு இடுப்பைப் பார்க்க வேண்டும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையில் ஒரு கணுவா, இரண்டு கணுவா? கட்டெறும்புக்கு ஒன்று, முசுறுக்கு ஒன்று. வயல் வரப்பில் சுருக்கென்று கொட்டும் செவ்வெறும்புக்கு இரண்டு. செம்பழுப்பாக, சோற்றுப் பருக்கை நீளத்தில், இரண்டு கணுவோடு ஒரு ராணி கிடைத்தால் வெறும் கையால் தொடாதீர்கள்.

எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். படம் எடுக்கும்போது பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் வையுங்கள். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். ஒரு ரூபாய் வேண்டாம், அது இரண்டு மூன்று அளவில் புழங்குகிறது. மதுரைக்காரர் பத்து ரூபாய்தான் வைத்திருந்தார். எறும்பு நாணயத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 18 மில்லிமீட்டர் பக்கம். கட்டெறும்பு ராணிக்குச் சரியான அளவு. மேலிருந்து ஒரு படம், பக்கத்திலிருந்து ஒரு படம், தேதி, நேரம், மழை பெய்ததா இல்லையா, இவ்வளவு போதும். "கருப்பா பெருசா இருந்துச்சு" என்று மட்டும் எழுதினால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

இறக்கை இருந்தால் அது ராணிதானே? நான் பிடித்த மூன்றிலும் இறக்கை இருக்கிறது. ஆனால் உங்கள் கணக்குப்படி நெஞ்சைப் பார்த்தால் குழப்பமாக இருக்கிறது.
– கல்லூரி மாணவி, திருச்சி

குழப்பம் உன்மேல் இல்லை அம்மா. நீ பிடித்ததில் இரண்டு மாப்பிள்ளைகள், ஒன்றுதான் பெண்.

ஆண் எறும்புக்கும் நெஞ்சு புடைத்திருக்கும், அவனும் பறக்கிறவன்தானே. அவனிடம் தலையைப் பார். உடம்போடு சேராத குட்டித் தலை, அதில் பாதியை அடைத்துக்கொண்டு கண்கள். தாடை பெயருக்குத்தான் இருக்கும். தின்பதற்கோ கடிப்பதற்கோ சுமப்பதற்கோ அவனுக்கு வேலை இல்லை. ஒரு நாள் பறந்து, இணை சேர்ந்து, சாக வேண்டியவன். வயிறு ஒல்லியாக நீண்டிருக்கும். ராணிக்குத் தாடையும் வயிறும் திடமாக இருக்கும். மூன்றையும் ஒரே வெள்ளைத் தாளில் வைத்துப் படம் எடுத்தாயே, அது கெட்டிக்காரத்தனம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடுகிறது.

வகுப்பில் நான் பிள்ளைகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பப் போடும் விடுகதை ஒன்று உண்டு. ஆண் எறும்புக்கு அப்பா கிடையாது, ஆனால் தாத்தா உண்டு. எப்படி? கருவுறாத முட்டையிலிருந்து பிறப்பவன் அவன். அம்மா மட்டும்தான். அம்மாவுக்கோ அப்பா உண்டு.

ஈசலும் இறக்கை முளைத்த எறும்பும் ஒன்றா? எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
– இல்லத்தரசி, திருவண்ணாமலை

இல்லவே இல்லை. ஈசல் கரையான். கரையானுக்கு எறும்பைவிடக் கரப்பான்பூச்சிதான் நெருங்கிய சொந்தம். வாசல் விளக்கடியில் விழுந்து கிடப்பதில் ஒன்றைத் தாளில் எடுத்துப் பாருங்கள். ஈசலுக்கு இடுப்பே கிடையாது, நெஞ்சும் வயிறும் ஒரே உருளையாக ஓடும். நான்கு இறக்கையும் ஒரே நீளம். மீசை சின்ன மணிகளைக் கோத்ததுபோல நேராக இருக்கும். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், முன் இறக்கை பெரிது, பின் இறக்கை சிறிது, மீசை முழங்கை மாதிரி மடங்கியிருக்கும். இறக்கை உதிர்ந்த பிறகும் இடுப்பும் மீசையும் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு வித்தியாசம் எனக்குப் பிடித்தது. இறக்கையை உதிர்த்துவிட்டு இரண்டு ஈசல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். கரையானில் ராஜா சாவதில்லை. ராணியோடு புற்றுக்குள் குடித்தனம் நடத்துவார். எறும்பு ராணி அன்றைக்கே விதவை.

எங்கள் பாட்டி ஈசல் எழும்பும் அந்தியில் விளக்கைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே வைத்துப் பிடிப்பாள். மறுநாள் இறக்கையைப் புடைத்து நீக்கி, அரிசியோடு சேர்த்து வறுத்துக் கொடுப்பாள். அந்த வாசனைக்கு ஈடு இல்லை. இறக்கை எறும்பு ஒன்று அதில் கலந்துவிட்டால் பாட்டி பொறுக்கி எறிந்துவிடுவாள். இரண்டும் ஒன்றில்லை என்று அவளுக்கு எந்த டீச்சரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மாந்தோப்பில் இலைக்கு அடியில் பச்சை நிறத்தில் ஒரு எறும்பு தனியாக ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் இப்படி ஒரு எறும்பே கிடையாது. வெளிநாட்டிலிருந்து வந்ததா?
– மா விவசாயி, கிருஷ்ணகிரி

உங்கள் தோப்பிலேயே பிறந்ததுதான். முசுறு ராணி. முசிறு, முயிறு என்றும் சொல்வோம். சங்கப் பாட்டிலேயே முயிறு வருகிறது. மாங்காய் பறிக்க ஏறினால் கழுத்துக்குள் புகுந்து கடிக்குமே, அந்தச் செம்மஞ்சள் எறும்பின் அம்மா இவள். பிள்ளைகள் சிவப்பு, அம்மா பச்சை கலந்த பழுப்பு. வேலைக்காரிகளைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நீளம், 2 சென்டிமீட்டரைத் தாண்டும். நெஞ்சும் வயிறும் தடித்து, சேர்த்துப் பார்த்தால் வேறு பூச்சி என்றுதான் தோன்றும்.

1775இல் ஃபாப்ரீசியஸ் என்ற டேனிஷ் பூச்சியியலாளர் இதற்குப் பெயர் வைத்தபோது 'ஸ்மராக்டினா' என்று வைத்தார். மரகதம் என்று பொருள். நம் ஊர் முசுறு வேலைக்காரியைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் புரியாது. ராணியைப் பார்த்தால்தான் புரியும்.

அவள் இலைக்கடியில் ஒட்டியிருந்ததற்குக் காரணம், அங்கேதான் முதல் முட்டைகளை வைப்பாள். இரண்டு மூன்று ராணிகள் சேர்ந்து ஒரே இலையில் தொடங்குவதும் உண்டு. மண்ணுக்குள் போகவே மாட்டாள். இலைகளை இழுத்துச் சேர்த்துத் தைக்கும் வேலை பிறகு பிள்ளைகளுடையது. அதற்கு நூல், அவர்களின் புழுப்பருவத் தங்கைகள் வாயிலிருந்து வரும் பட்டு. குழந்தையைத் தறியின் ஓடம் மாதிரி இங்கும் அங்கும் நகர்த்தித் தைப்பதை ஒரு தடவை நின்று பாருங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மரத்தில் ஏழெட்டு இலைக்கூடு தொங்கினால் ஏழெட்டு ராணி என்று நினைக்க வேண்டாம். ஒரே குடும்பம் பல மரங்களில் பல கூடு கட்டும். ராணி ஏதோ ஒன்றில் இருப்பாள். உங்கள் கேள்வியின் கடைசி வரியில் மருந்து அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கடி பொறுக்க முடிந்தால் விட்டுவையுங்கள். மா மரத்தில் வேறு பல பூச்சிகளை அவர்களே தின்று தீர்ப்பார்கள். மாவுப்பூச்சியைப் பால் கறக்கும் மாடுபோல வளர்ப்பார்கள் என்பதையும் மறைக்கவில்லை.

டியூப்லைட்டில் முட்டி முட்டி விழுந்தது. தடித்த பழுப்புக் குளவி மாதிரி இருக்கிறது. வயிறு கொழுக்கட்டை போல உருண்டு நீண்டிருக்கிறது. எறும்பு ராணி என்று மகன் அடித்துச் சொல்கிறான்.
– மளிகைக் கடைக்காரர், விருதுநகர்

பையன் பாதி ஜெயித்துவிட்டான். எறும்புதான். ஆனால் ராஜகுமாரன். டோரிலஸ் என்ற வகையின் ஆண். மண்ணுக்கடியில் படையாகத் திரிந்து வேட்டையாடும் கூட்டம் அது. வேலைக்காரிகளுக்குக் கண்ணே கிடையாது, வெளிச்சத்துக்கு வருவதே அபூர்வம். ஆணுக்கு மட்டும் பெரிய கண், நல்ல இறக்கை. விளக்கைக் கண்டால் பைத்தியம் பிடித்தவன்போல முட்டுவான். கொட்டுவானோ என்று பயப்பட வேண்டாம். கொடுக்கு முட்டையிடும் உறுப்பிலிருந்து வந்தது. ஆண்களுக்கு அது கிடையாது.

இந்த வகையின் ராணியை நானே நேரில் பார்த்ததில்லை. அவளுக்கு இறக்கை முளைப்பதே இல்லை, கண்ணும் இல்லை, மண்ணைவிட்டு வெளியே வருவதும் இல்லை. மகனிடம் சொல்லுங்கள், வீட்டு விளக்குக்கு இவள் வரப்போவதில்லை.

என் ஐந்து வயது மகள் கையில் எடுக்கப் போனாள், தடுத்துவிட்டேன். முடி முடியாக, நடுவில் செங்கல் நிறம், வயிறு கருப்பில் வெள்ளைப் பொட்டு. வேகமாக மண்ணில் ஓடியது. ராணியா?
– ஒரு அம்மா, கரூர்

தடுத்தீர்களே, நல்ல காரியம். அது எறும்பே இல்லை. இறக்கை இல்லாத பெண் குளவி. வெல்வெட் எறும்பு என்று பெயர் மட்டும் எறும்பு. மண்ணில் கூடு வைக்கும் மற்றக் குளவி, தேனீக்களின் வளைகளைத் தேடி ஓடிக்கொண்டே இருக்கும். அவற்றின் புழுமேல் தன் முட்டையை வைக்கும். கொட்டினால் பெரியவர்களே துள்ளிவிடுவார்கள். பிடித்தால் கீச்சென்று சத்தம்கூடப் போடும். எறும்பு ராணி இப்படிச் சடை சடையாக முடியும், பளிச்சென்ற பொட்டும் வைத்துக்கொண்டு பட்டப்பகலில் அலைவதில்லை. மழைக்குப் பிறகு வரும் சிவப்பு வெல்வெட் பூச்சியோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்கு எட்டுக் கால். பாவம், ஒன்றும் செய்யாது. மகள் அதைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

தோட்டத்தில் மஞ்சள் எறும்பு மண்டிக்கிடக்கிறது. ஆடுகள் நிற்க முடியவில்லை. ராணியைத் தேடிக் கொன்றால் கூட்டம் அழிந்துவிடும் என்கிறார்கள். ராணியை எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஆடு வளர்ப்பவர், நத்தம், திண்டுக்கல் மாவட்டம்

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். 2022இல் உங்கள் பக்கத்துக் கரந்தமலை அடிவாரத்து ஊர்களில் இந்த எறும்பு படுத்திய பாடு செய்தித்தாள்களில் வந்தது. மஞ்சள் கிறுக்கு எறும்பு என்பார்கள். திசை தெரியாததுபோல அங்குமிங்கும் ஓடும், அதனால் அந்தப் பெயர். நீண்ட கால், நீண்ட மீசை, மெலிந்த உடம்பு. கடிப்பதில்லை, கொட்டுவதில்லை, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். அதுதான் ஆட்டின் கண்ணில் படுகிறது. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிர்களின் பட்டியலில் இதுவும் ஒன்று. கிறிஸ்துமஸ் தீவில் செந்நண்டுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது இதுதான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ராணியைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கல்லையோ மட்டையையோ புரட்டினால் வேலைக்காரிகளுக்கு நடுவே தடித்த, கொஞ்சம் கருத்த பழுப்பில் நெஞ்சு புடைத்த சிலர் இருப்பார்கள். 'சிலர்' என்றேன், கவனியுங்கள். கட்டெறும்புக் கூட்டில் ஒரு ராணி செத்தால் அந்தக் குடும்பத்தின் கதை முடிந்தது. இங்கே ஒரே கூட்டில் பல ராணிகள். பறந்துபோய்த் தனியாகத் தொடங்குவதுகூட இவர்கள் வழக்கமில்லை. ராணியும் கொஞ்சம் வேலைக்காரிகளும் நடந்தே அடுத்த கல்லுக்குக் குடிபோவார்கள். ஒன்றைக் கொன்றால் பக்கத்திலேயே இன்னொன்று.

அதனால் கையில் கிடைத்த மருந்தைத் தூவி ஆட்டையும் மண்ணையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள். எறும்பைச் சின்னப் புட்டியில் சாராயத்தில் போட்டு, பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்திலோ வேளாண்மை அலுவலகத்திலோ கொடுங்கள். ஊரோடு சேர்ந்து, வேலைக்காரிகள் கூட்டுக்கே தூக்கிக்கொண்டு போகும் இரை மருந்து வைத்தால்தான் இதற்குப் பலன் உண்டு. தனி ஒரு தோட்டத்தால் ஆகாது. மரக்கன்றோ மண்ணோ உரமோ வெளியிலிருந்து வரும்போது உதறிப் பாருங்கள். இந்த எறும்பு பெரும்பாலும் வண்டியில்தான் ஊர்விட்டு ஊர் வருகிறது.

தேக்குத் தோட்டத்தில் குதிக்கும் எறும்பு ஒன்றைப் பார்த்தேன். பெரிய கண், இடுக்கிபோல நீண்ட தாடை. தனியாகவே வேட்டையாடியது. தனியாகத் திரிந்தால் ராணி என்று நீங்கள் முன்பு ஒரு முறை எழுதியிருந்தீர்கள்.
– வனத்துறைத் தற்காலிக ஊழியர், செங்கோட்டை

எழுதியது தப்பு. வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கட்டெறும்புக்கு அந்தக் குறிப்பு உதவும், இந்த எறும்புக்கு உதவாது.

இது இந்தியக் குதிக்கும் எறும்பு, ஹார்பெக்னேத்தஸ் சால்டேட்டர். 1851இல் ஜெர்டன் என்ற மருத்துவர், மெட்ராஸ் படையில் இருந்தவர், தென்னிந்திய எறும்புகளைப் பட்டியல் போட்டபோது விவரித்தது. இதன் வேலைக்காரிகள் எல்லாருமே தனியாகத்தான் வேட்டைக்குப் போவார்கள். ராணியும் கிட்டத்தட்ட அதே அளவு, அதே தாடை, அதே கண். புதிய ராணி கதவடைத்துப் பட்டினி கிடக்க மாட்டாள். வெளியே வந்து இரை பிடித்துத்தான் பிள்ளை வளர்ப்பாள். அதனால் அளவை வைத்தோ நடையை வைத்தோ எதுவும் சொல்ல முடியாது. நெஞ்சும் இறக்கைத் தழும்பும் மட்டுமே சாட்சி. உங்கள் படத்தில் நெஞ்சு ஒல்லி. வேலைக்காரி.

இன்னும் ஒரு சங்கதி. ராணி செத்துப்போனால் இந்தக் கூட்டில் வேலைக்காரிகளே மீசையால் மாறி மாறி அடித்துச் சண்டை போடுவார்கள், நாள்கணக்கில். ஜெயித்தவர்கள் முட்டையிடத் தொடங்குவார்கள். அப்படி மாறியவளின் மூளை சுமார் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடுகிறது. மறுபடி வேலைக்காரியாகத் திரும்பினால் மூளையும் வளர்ந்துவிடுகிறது என்று 2021இல் கண்டறிந்தார்கள். அரியணைக்கும் மூளைக்கும் உள்ள இந்தக் கணக்கைப் பற்றி ஓய்வுபெற்ற அரசு ஊழியையான நான் கருத்துச் சொல்வது நன்றாக இருக்காது.

அதே காட்டில் டயகம்மா என்ற கருஞ்சாம்பல் எறும்பும் இருக்கும். உடம்பில் ரேகை ரேகையாகக் கோடு ஓடும், கொட்டும். அதில் ராணியைத் தேடாதீர்கள். ராணி என்ற சாதியே அதற்குக் கிடையாது. வேலைக்காரிகளில் ஒருத்தி முட்டையிடுவாள்; மற்றவர்கள் பிறந்ததும் நெஞ்சில் இருக்கும் குட்டி மொட்டுகளைக் கடித்துத் துண்டித்துவிடுவாள். மொட்டு போனவள் வாழ்நாளெல்லாம் வேலைக்காரி.

ராணி எறும்பைக் குழாயில் வைத்து விற்கிறார்கள். வாங்கலாமா? ஒரு ராணி எத்தனை வருஷம் இருக்கும்?
– மென்பொருள் ஊழியர், கோயம்புத்தூர்

இரண்டாவதற்கு முதலில் பதில். ஐரோப்பாவின் சாதாரணக் கருப்புத் தோட்டத்து எறும்பு ராணி ஒன்று ஆய்வகத்தில் 28 வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறது. ஒரே ஒரு நாள் இணை சேர்ந்து வாங்கிவைத்த விந்தைச் சேமித்து, அதையே வாழ்நாள் முழுக்கச் செலவழிப்பாள். கடன் வாங்கி வீடு கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய சிக்கனம்.

வாங்காதீர்கள். 2025இல் கென்யாவில் இரண்டு பெல்ஜியம் நாட்டு இளைஞர்கள், வயது 19, சுமார் 5,000 எறும்புகளோடு பிடிபட்டார்கள். பெரும்பாலும் ராணிகள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பரிசோதனைக் குழாய்களில் பஞ்சு அடைத்து வைத்திருந்தார்கள். நீதிமன்றம் ஆளுக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் போட்டது. அவ்வளவு சந்தை இதற்கு இருக்கிறது. வெளியூர் ராணியை வாங்கி, வளர்த்து, சலித்துப்போய்த் தோட்டத்தில் விட்டால் என்ன ஆகும் என்று நத்தத்துக்காரரைக் கேளுங்கள். காப்புக்காட்டிலிருந்தும் சரணாலயத்திலிருந்தும் எதையும் எடுத்து வரக் கூடாது என்பது தனிக் கதை. ஆசையாக இருந்தால் மழைக்கு மறுநாள் உங்கள் மொட்டை மாடிக்குப் போங்கள். காசு இல்லாமல் கிடைக்கும். பிடிக்காவிட்டால் அதே மாடியில் விட்டுவிடலாம்.

டீச்சர், நான் கட்டெறும்பு ராணியை டெஸ்ட் டியூபில் வைத்திருக்கிறேன். தண்ணீர், பஞ்சு எல்லாம் நீங்கள் சொன்ன மாதிரி. சர்க்கரை போட்டேன், தின்னவில்லை. 9 நாளாகிறது. தினமும் ராத்திரி டார்ச் அடித்துப் பார்க்கிறேன். நேற்று நாலு முட்டை இருந்தது, இன்று மூன்றுதான். செத்துவிடுமா?
– ஆறாம் வகுப்பு மாணவன், நாகர்கோவில்

சாகாது தம்பி. சர்க்கரையை எடுத்துவிடு, பூஞ்சை பிடிக்கும். அவளுக்கு இப்போது சாப்பாடு வேண்டாம். பறக்க உதவிய அந்தப் பெரிய தசைகள் இனி அவளுக்குத் தேவையில்லை இல்லையா, அதைக் கரைத்துத்தான் தானும் உயிர் வாழ்ந்து புழுக்களுக்கும் ஊட்டுவாள். அதற்காகத்தான் அவ்வளவு பெரிய முதுகு. தண்ணீர் மட்டும் இருந்தால் போதும்.

நாலாவது முட்டையை அவளே தின்றிருப்பாள். பயந்தால் அப்படிச் செய்வாள். பயமுறுத்தியது உன் டார்ச். குழாயைக் கருப்புத் துணியில் சுற்றி, மிக்ஸி, வாஷிங் மெஷின் அதிர்வு படாத அலமாரியில் வை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அரை நிமிஷம் பார்த்தால் போதும். ஒன்றரை இரண்டு மாதத்தில் முதல் பிள்ளைகள் வெளியே வரும். கட்டெறும்பா இது என்று நீயே கேட்பாய், அவ்வளவு பொடியாக இருக்கும். அப்போது பஞ்சு நுனியில் ஒரு துளி சர்க்கரைத் தண்ணீர் வைத்துவிட்டு எனக்கு எழுது. அதுவரை திறக்காதே.